பின்பக்கம் திருப்பிப் பார்த்தீர்களா? கார் உட்புற பிளாஸ்டிக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் வண்டியின் பெயர், வாங்கிய வருடம், நிறம் எல்லாம் இருக்கிறது. உடைந்தது எந்த பிளாஸ்டிக் என்று ஒரே ஒருவரைத் தவிர யாரும் எழுதவில்லை. அதனால் முதல் கடிதத்தை எல்லோரும் படித்துவிடுங்கள்.

டோர் பேடின் உள்பக்கம் ஸ்க்ரூ ஏறும் குழாய் உடைந்துவிட்டது. அரால்டைட் போட்டு இரண்டு தடவை ஒட்டியும் பதினைந்து நாளில் கையோடு வந்துவிடுகிறது. இதைவிட நல்ல பசை எது? (ஓசூர்)

பசையின் மேல் தப்பில்லை. டோர் பேடைத் திருப்புங்கள். உள்பக்கம் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவில் பிபி (பாலிப்ரொப்பிலீன்), ஏபிஎஸ், பிசி-ஏபிஎஸ் என்று பிளாஸ்டிக் வகையின் பெயர் ஏதாவது ஒன்று அச்சாகி இருக்கும். டோர் பேட் பெரும்பாலும் பிபி. அதன் மேல் அரால்டைட் போன்ற சாதாரண எபாக்ஸி பிடிக்கவே பிடிக்காது. விழுந்த துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பசை வழவழவென்று முழுசாக உரிந்திருக்கும், அதில் ஒரு பிளாஸ்டிக் துணுக்குகூட இருக்காது. பிபியை உருக்கித்தான் சேர்க்க வேண்டும். சோல்டரிங் அயர்னால் இரண்டு பக்கத்தையும் இளக்கி, நடுவில் மெல்லிய ஸ்டீல் வலைத் துண்டை அமுக்கி, மேலே பிபி குச்சியை உருக்கி மூடுங்கள். உருக்கும் குச்சியும் பிபியாகவே இருக்க வேண்டும். கேபிள் டையை உருக்கி ஊற்றுகிறார்கள். அது நைலான், பிபியோடு கலக்காது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கியர் பக்கத்து கன்சோலில் விரிசல். பின்னால் ஏபிஎஸ் என்று இருக்கிறது. (காரைக்குடி)

திருப்பிப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். விரிசல் முடியும் இடத்தில் 2 மி.மீ. ஓட்டை போடுங்கள், இல்லாவிட்டால் அது ஓடிக்கொண்டே இருக்கும். பின்பக்கத்தை 80 நம்பர் உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, கண்ணாடி இழைத் துணி இரண்டு அடுக்கு, எபாக்ஸி. ஒரு நாள் தொடாதீர்கள். டேஷ்போர்டு பாலிஷ் போட்ட வண்டி என்றால் உப்புத்தாளுக்கு முன்பே துடைத்து எடுத்துவிடுங்கள். பாலிஷில் உள்ள சிலிக்கோன் இருக்கும் இடத்தில் எதுவும் ஒட்டாது.

மழை நாள் என்பதால் எபாக்ஸியில் இறுக வைக்கும் ஹார்டனரைக் கொஞ்சம் கூடுதலாக விட்டேன். மூன்று நாளாகியும் பிசுபிசுக்கிறது. (நாகர்கோவில்)

சுரண்டி எடுத்துவிட்டு முதலில் இருந்து ஆரம்பியுங்கள், வேறு வழியில்லை. பாலியெஸ்டர் ரெசினில் 100 கிராமுக்கு 1 முதல் 2 கிராம் வரை ஹார்டனரைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். எபாக்ஸி அப்படியில்லை. அதில் ஹார்டனர் ரெசினோடு கணக்காகச் சேர்ந்துதான் இறுகுகிறது. மிஞ்சியது உள்ளேயே பச்சையாக நிற்கும். டப்பாவில் 100-க்கு 10 எடை என்று போட்டிருந்தால் 10 தான். சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். கண்ணளவு வேண்டாம் என்று எத்தனை தடவை எழுதிவிட்டேன்!

தெர்மாகோலில் ஸ்பீக்கர் பாக்ஸ் அச்சு செய்து ரெசின் பூசினேன். அச்சு கரைந்து குழியாகிவிட்டது. (சேலம்)

நீங்கள் பூசியது பாலியெஸ்டர். அதில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைத் தின்றுவிடும். எபாக்ஸி பூசுங்கள், அல்லது அச்சின் மேல் இடைவெளி விடாமல் பேக்கிங் டேப் சுற்றிவிட்டுப் பூசுங்கள்.

பாசஞ்சர் பக்கம் டேஷ்போர்டில் ஒரு மூடி போலக் கோடு தெரிகிறது, அசிங்கமாக இருக்கிறது. ஃபைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டு மூடி, சமமாக்கி, மேலே முருகன் சிலைக்கு ஒரு மேடை கட்டலாமா? (திருப்பூர்)

கூடாது. இதே கேள்வி வேறு வேறு வார்த்தையில் மாதம் தவறாமல் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் கோட்டுக்குக் கீழே ஏர்பேக் இருக்கிறது. 2021 டிசம்பர் 31-க்குப் பிறகு நம் நாட்டில் விற்கும் புதுக் கார் எல்லாவற்றிலும் முன்பக்கம் இரண்டு பேருக்கும் அது கட்டாயம். மோதினால் பை முழுதாக விரிய ஆகும் நேரம் கண் இமைப்பதைவிடக் குறைவு. அந்த வேகத்தில் மூடி சரியாக அந்தக் கோட்டில் கிழிந்து திறக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த இடத்தை மெல்லிசாக விட்டிருக்கிறார்கள். சில வண்டிகளில் மேலே கோடே தெரியாது, உள்பக்கம்தான் கீறியிருக்கும். அதில் ரெசின் இறங்கி இறுகிவிட்டால் மூடி திறக்க வேண்டிய இடத்தில் திறக்காது. பை தாமதமாகும், அல்லது வேறு பக்கம் பிய்த்துக்கொண்டு வரும். கண்ணாடி இழை உடைந்தால் கத்தி முனை போல இருக்கும். அது போவது எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு. மேலே ஒட்டிய சிலையும் அப்படித்தான்.

போன வருடம் ஒரு வண்டி என்னிடம் வந்தது. வேறு எங்கோ இரண்டு அடுக்கு மேட் போட்டு, மேலே ரெக்சின் ஒட்டியிருந்தார்கள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. கழற்றித் திருப்பியபோது கீறல் முழுக்க ரெசின் நிரம்பி, விரல் நகம் வைத்தால் கோடே தட்டுப்படவில்லை. எட்டு மாதமாக அந்த சீட்டில் வண்டிக்காரரின் அம்மா உட்கார்ந்து வந்திருக்கிறார். அந்த டேஷ்போர்டைச் சரிசெய்ய முடியாது, புதுசு மாற்றச் சொன்னேன். செலவு அதிகம் என்று தெரிந்துதான் சொன்னேன்.

ஏர்பேக் இருப்பதைக் காட்டும் எஸ்ஆர்எஸ் என்ற எழுத்து எங்கே இருக்கிறதோ அங்கே ரெசின், பட்டி, ரெக்சின், ஸ்டிக்கர் எதுவும் கூடாது. டேஷ்போர்டு மட்டுமல்ல, ஸ்டீயரிங் நடு, கண்ணாடி ஓரத் தூணின் மூடி, சீட்டின் பக்கவாட்டு எல்லாவற்றுக்கும் இதுதான். முருகன் வேண்டுமென்றால் சின்னப் படமாக நடு கன்சோலில் வையுங்கள்.

வெயிலில் நிறுத்தும் வண்டி. டேஷ்போர்டின் மேல் எபாக்ஸி வைத்து அடைத்த இடம் சித்திரை மாதத்தில் விளிம்பில் தூக்கிக்கொண்டது. (வேலூர்)

வெயிலில் டேஷ்போர்டு 70, 80 டிகிரி போகும். சாதாரணச் சூட்டில் இறுகிய எபாக்ஸி 50, 60-லேயே இளகிவிடும். பிளாஸ்டிக் விரிவதும் எபாக்ஸி விரிவதும் ஒரே அளவில் இல்லை. கண்ணாடிக்குக் கீழே உள்ள மேல்தளத்தில் எபாக்ஸி பட்டி நிற்காது. இளகு தன்மையுள்ள ஃபில்லர் போடுங்கள். அப்புறம், நிழலில் நிறுத்துங்கள்.

ஃபைபரைத் தேய்த்தபின் கை முழுக்க அரிப்பு. (தஞ்சாவூர்)

தேய்க்காமல் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் வேண்டாம். அடுத்த தடவை முழுக்கைச் சட்டை, கையுறை, என்95 மாஸ்க், உப்புத்தாளை நனைத்துத் தேய்ப்பது. கைக்குள் போன இழை பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும், நுரையீரலுக்குள் போனதை யாரும் கழுவ முடியாது.