எம்.ஃபார்ம் சேர்க்கும் முன் கைடிடம் கேட்க வேண்டியவை

மகள் பி.ஃபார்ம் கடைசி ஆண்டு, மேலே படிக்க வைத்தால் வேலை கிடைக்குமா, கடைசியில் மருந்துக்கடைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். (மருந்துக்கடை ஒன்றும் குறைந்த தொழில் இல்லை, அது வேறு.) ஃபார்மசூட்டிக்ஸ் பிரிவு எடுத்தால் ஃபார்முலேஷன் ஆராய்ச்சியில் (மருந்தை மாத்திரை, காப்ஸ்யூலாக வடிவமைப்பது) இடம் உண்டு. ஆனால் வேலை பெரும்பாலும் ஹைதராபாத், பெங்களூரு, அகமதாபாத், மும்பை பக்கம். வெளியூர் அனுப்ப மனம் இருக்கிறதா என்பதை நீங்கள் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஜிபேட் (எம்.ஃபார்முக்கான தேசிய நுழைவுத்தேர்வு) கட்டாயம் எழுதட்டும். உதவித்தொகைக்கும் நைப்பர் (மத்திய அரசின் மருந்தியல் கல்வி நிறுவனங்கள்) சேர்க்கைக்கும் அதுதான் வாசல்.

ப்ராஜெக்ட்டுக்கு, தண்ணீரில் கரையாத மருந்தை உடலில் ஏறவைக்கும் தலைப்பாக எடுக்கச் சொல்லுங்கள். கம்பெனிகளின் தீராத தலைவலி அது. அதிகபட்ச டோஸ் 37 டிகிரியில், பி.எச். 1.2 முதல் 6.8 வரை எங்கேயாவது 250 மி.லி.யில் முழுதும் கரையாமல் நின்றால், அது கரைதிறன் குறைந்த மருந்து. அவற்றில் குடற்சுவரை எளிதில் கடப்பவை பி.சி.எஸ். (கரைதிறன், குடற்சுவரைக் கடக்கும் திறன் இரண்டையும் வைத்து மருந்துகளை நான்காகப் பிரிக்கும் முறை) இரண்டாம் வகுப்பு. கரைத்துக் கொடுத்தால் போதும், உடல் எடுத்துக்கொள்ளும். நான்காம் வகுப்பு கரையவும் கரையாது, கடக்கவும் கடக்காது. இரண்டு வருடப் படிப்பில் அதைத் தொட வேண்டாம்.

மாணவர்கள் வழக்கமாக எடுப்பது சாலிட் டிஸ்பர்ஷன். மருந்தையும், அதைப் பிடித்துவைக்கும் பாலிமரையும் (நீண்ட சங்கிலி மூலக்கூறுப் பொருள்) ஒரே கரைப்பானில் கரைத்து, அதை ஆவியாக்கி, மருந்தின் படிக வடிவத்தைக் குலைப்பது. மருந்துக்குப் பாலிமர் 1:1, 1:3, 1:5 என்று செய்துபார்த்து, வேகமாகக் கரைகிறதென்று 1:5ஐ வெற்றி என எழுதிவிடுவார்கள். டோஸ் 200 மி.கி. என்றால் பாலிமர் 1000 மி.கி.; மற்ற சேர்மானங்களுக்கு முன்பே மாத்திரை 1200 மி.கி. ஆகிவிட்டது. யார் விழுங்குவது? இன்டர்வியூவில் இதில்தான் மாட்டுவார்கள். 10 மி.கி. மருந்துக்கு இந்தச் சிக்கலே இல்லை, ஆகவே டோஸைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது ஈரம். ஈரம் ஏறினால் பாலிமரின் பிடி தளர்ந்து மருந்து மறுபடி படிகமாகும். கரைதிறன் பழையபடி விழும். முதல் நாள் டி.எஸ்.சி.யில் (சூடேற்றி உருகுவதை அளக்கும் கருவி) படிகம் உருகும் உச்சி காணவில்லை என்பது சாட்சியாகாது. 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் வைத்து மூன்று மாதமாவது எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிரால் படிகம் இருக்கிறதா என்று பார்ப்பது) எடுக்க வேண்டும். 1998இல் எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனாவிர் காப்ஸ்யூலில் அதுவரை தெரியாத, இன்னும் குறைவாகக் கரையும் ஒரு படிக வடிவம் தோன்றி, காப்ஸ்யூலையே சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. இந்த ஒரு சம்பவத்தை மகள் காரணத்தோடு விளக்கத் தெரிந்துவைத்திருக்கட்டும்.

மருந்து எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று பார்க்கும் டிஸொல்யூஷன் சோதனையிலும் ஏமாறலாம். 900 மி.லி. திரவத்தில் சோடியம் லாரைல் சல்ஃபேட்டை (சோப்பு போலக் கரைய உதவுவது) தாராளமாகப் போட்டால் சாதாரணத் தூளும் கரைந்துவிடும், ஃபார்முலா செய்த வேலை தெரியாது. நானோ துகள் என்றால் இன்னொன்று: 200 நானோமீட்டர் துகள் 0.45 மைக்ரான் ஃபில்டரில் நழுவிப்போய், கரையாததும் கரைந்த கணக்கில் சேரும். வரைபடம் அழகாக வரும், பொய்யாக.

எனவே கல்லூரியைத் தேர்வு செய்யும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஸ்டெபிலிட்டி சேம்பர் (வெப்பமும் ஈரமும் மாறாமல் சாம்பிளை வைக்கும் பெட்டி) ஓடுகிறதா, எக்ஸ்.ஆர்.டி.யை வெளியே கொடுத்து எடுத்தால் சாம்பிளுக்கு எவ்வளவு, அதை யார் கட்டுவது, மருந்துத் தூள் எங்கிருந்து வரும் என்று ப்ராஜெக்ட்டை வழிநடத்தும் கைடிடமே கேளுங்கள். தூள் வர மாதக்கணக்கானால் ஸ்டெபிலிட்டிக்கு நேரமே மிஞ்சாது.


மகளுக்கு லேப் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். ரெகுலேட்டரி (மருந்துக்கு அரசு அனுமதி வாங்குவது), ஃபார்மகோவிஜிலன்ஸ் (பக்கவிளைவுகளைக் கண்காணிப்பது) வேலைகளுக்கு இந்தப் பாடு தேவையில்லை.