குறட்டை நின்றுபோகும் அந்தச் சில நொடிகள்

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறோம். 52 வயதான என் கணவர் துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அவருடைய குறட்டை அடுத்த அறை வரை கேட்கிறது. சில வேளை சத்தம் சட்டென்று நின்றுபோய், பிறகு திணறலோடு மறுபடி தொடங்குகிறது. இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை போட்டும் குறையவில்லை. மூக்கில் ஒட்டும் பட்டை, ஸ்பிரே எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டோம். கறியும் பிராந்தியும் இல்லாத புரட்டாசி விரத மாதத்தில் மட்டும் குறட்டை பாதியாகக் குறைந்தது. என்ன செய்யலாம்? எனக்கும் இப்போது தூக்கம் கெட்டுவிட்டது.

பதில்: சகோதரி, குறட்டையின் சத்தத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைவிட, அது நின்றுபோவதைப் பற்றி எழுதியிருக்கும் ஒரு வரிதான் எனக்குக் கவலை தருகிறது. அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறார் என்று நம் வீடுகளில் குறட்டை விடுபவரைச் சொல்வார்கள். ஆனால் அவர் நல்ல தூக்கம் தூங்குகிறார் என்பதற்குக் குறட்டை அடையாளம் ஆகாது. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதியும் உள்நாக்கும் நாக்கின் அடிப்பகுதியும் மூச்சுவழியைக் குறுக்குகின்றன; அந்த இடுக்கில் காற்று புகும்போது எழும் அதிர்வே குறட்டை. வழி முழுவதும் அடைபட்டால் சத்தம் நிற்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை ஒரு கணம் விழித்துத் தொண்டையைத் திறக்கிறது. காலையில் அவருக்கு இது எதுவும் நினைவிருக்காது. இப்படிப் பத்து நொடிக்குக் குறையாத தடைகள், முழுமையாகவோ பெருமளவிலோ, மணிக்கு 15க்கு மேல் நிகழ்ந்தால் நடுத்தர அளவிலான ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய், என்றும், 30ஐத் தொட்டால் கடுமையானது என்றும் கணக்கிடுகிறோம்.

இரவில் எழுவதும் மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தமும் இதனோடு சேர்ந்து வரக்கூடியவையே. அடைபட்ட தொண்டைக்கு எதிராக நெஞ்சு காற்றை இழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. அதனால் சுரக்கும் ஒரு ஹார்மோன் சிறுநீரைப் பெருக்குகிறது. சர்க்கரை நோயாலும் இப்படி ஆகலாம் என்பதால், ரத்தச் சர்க்கரையையும் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

பரிசோதனைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே இரண்டு காரியம் செய்யலாம். தையல் டேப்பால் அவருடைய கழுத்தைக் குரல்வளை மேட்டருகே அளந்து பாருங்கள். 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஐயம் வலுப்படுகிறது. பிறகு, அவர் அயர்ந்து தூங்கும்போது செல்பேசியில் அரை மணி நேரம் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். சத்தம் நின்ற இடைவெளியில் மூக்கில் காற்றில்லாமலே நெஞ்சும் வயிறும் ஒன்று ஏற ஒன்று இறங்கிப் போராடுவது தெரிகிறதா என்று பார்த்து, கடிகாரத்தை வைத்து நொடிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவு மருத்துவருக்குப் பெரிய உதவி. நோயை உறுதிசெய்ய மருத்துவமனையில் இரவு தங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. விரலில் ஆக்சிஜன் அளவி, மூக்கடியில் குழாய், நெஞ்சில் பட்டை கொண்ட சிறு கருவியை வீட்டில் மாட்டிக்கொண்டே பலருக்குச் சோதித்துவிடலாம். மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்பீடு இருந்தால் முன்அனுமதி வேண்டுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் அரசு கிளினிக்கில் தொடங்கிப் பரிந்துரைக் கடிதம் பெறுங்கள்.

புரட்டாசியில் நீங்கள் கவனித்தது மிக நல்ல தடயம். மது தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தி, மூளை விழித்துக்கொள்வதையும் தாமதப்படுத்துகிறது. தூக்க மாத்திரைகளில் சிலவும் அப்படித்தான். மருத்துவரைக் கேளாமல் தரவேண்டாம். விரதம் முடிந்த பின்னும் படுப்பதற்கு நான்கு மணி நேரம் முன்பே மதுவை நிறுத்திவிட முடிந்தால், அந்த மாதத்தின் பலனில் ஒரு பங்காவது ஆண்டு முழுவதும் கிடைக்கும். உடல் எடையையும் மறந்துவிடக் கூடாது: அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல ஆண்டுகள் நடந்த ஒரு தொடர் ஆய்வு, 10 சதவீத எடைக் குறைவு மூச்சுத்தடைகளைச் சுமார் கால் பங்கு குறைத்ததைக் காட்டியது.

மல்லாந்து படுக்கும்போது நாக்கு பின்னுக்குச் சரிவதால் பலருக்குக் குறட்டை கூடுகிறது. பழைய பனியன் ஒன்றில், தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகுப்புறமாக ஒரு பையைத் தைத்து அதில் டென்னிஸ் பந்து ஒன்றைப் போட்டு மூடுங்கள். புரண்டு மல்லாந்தால் பந்து உறுத்தும், அவர் தானாக ஒருக்களிப்பார். நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பின்னுக்கு நகர்த்துவது போன்ற தொண்டைப் பயிற்சிகளை நாள் தவறாமல் மூன்று மாதமாவது செய்தால், தடைகள் ஏறக்குறையப் பாதியாகலாம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று கண்டது. மூக்குப் பட்டை மூக்கடைப்புக்கு மட்டுமே உதவும். அடைப்பு தொண்டையில் இருக்கையில் அதனால் பயனில்லை. மூக்கில் நெய்யோ நல்லெண்ணெயோ விடும் வழக்கம் இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள்; எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கினால் அழற்சி உண்டாகலாம்.

ஆனால் நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் இவை துணை வைத்தியம் மட்டுமே. முதன்மையான சிகிச்சை, 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் குழு வெளியிட்ட சீபேப் கருவி. முகமூடி வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டை மூடாமல் அது காக்கிறது. இதய நோயாளிகளிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் இதனால் குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அதில் பங்கேற்றவர்கள் சராசரியாக இரவுக்கு மூன்றரை மணி நேரம்கூட அதை அணியவில்லை. ஆயினும் குறட்டையும் பகல் தூக்கமும் தெளிவாகக் குறைந்தன, உங்கள் கணவருக்கு முதலில் வேண்டியதும் அதுவே. லோட் ஷெடிங் மின்வெட்டை நினைத்து அஞ்சவேண்டாம். பேட்டரியில் ஓடும் கருவிகள் உண்டு, தகுந்த இணைப்பி இருந்தால் லாரி கேபினிலும் ஓடும். நோய் லேசானதென்றால், கீழ்த்தாடையை முன்தள்ளிப் பிடிக்கும் பல்கருவியைப் பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்துகொள்ளலாம்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. ஜோகன்னஸ்பர்க் போகும் வழியிலுள்ள வான் ரீனன் மலைக் கணவாயின் மூடுபனியில், இரவு மூன்று மணிக்கு, நிறைசுமை லாரியை ஓட்டுபவருக்கு ஒரு நொடிக் கண்ணயர்வு போதும். சிக்னலிலோ சாப்பாட்டு மேசையிலோ அவருக்குக் கண் சொக்குகிறதென்றால், சிகிச்சை தொடங்கிச் சீராகும்வரை இரவு ஓட்டத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். நடுவழியில் தூக்கம் வந்தால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டு வைப்பதும் காப்பாற்றாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இருபது நிமிடமாவது தூங்கத்தான் வேண்டும். ஓட்டுநர் அனுமதிக்கான மருத்துவச் சான்றிதழ் கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் பலர் இந்த நோயை மறைக்கிறார்கள், ஆனால் சிகிச்சையால் பகல் தூக்கம் நீங்கியவர்கள் பொதுவாக வேலையைத் தொடர முடிகிறது.

உங்கள் தூக்கத்துக்கு: காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் சில வாரம் தனி அறையில் படுங்கள், அதில் மனவருத்தம் கொள்ள ஒன்றுமில்லை. பிற்பகலுக்குப் பின் தேநீரும் காபியும் வேண்டாம், எவ்வளவு குறைவாகத் தூங்கியிருந்தாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் அவரைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் உடன் செல்லுங்கள். இரவில் நடப்பது அவருக்குத் தெரியாது, பார்த்தவர் நீங்கள்தான்.