வண்டி ஏறினால் வாந்தி: நாய் வளர்ப்போர் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர்கள் பதில் தருகிறார்கள்.

எங்கள் லேப்ரடார் குட்டிக்கு 7 மாதம். தடுப்பூசி போட நான்கைந்து முறை கிருஷ்ணகிரிக்குக் காரில் கூட்டிப் போனோம். ஒவ்வொரு தடவையும் வாந்தி. இப்போது கதவைத் திறந்தாலே ஜொள்ளு ஒழுகுகிறது, ஏறவே மாட்டேன் என்கிறது. வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகி, காவேரிப்பட்டணம்

பாதி உண்மை. உடம்பின் சமநிலையை உணர்த்தும் உள்காது குட்டிகளுக்கு முழுதாக முதிர்ந்திருக்காது. அதனால் வரும் வாந்தி ஒரு வயதை ஒட்டிப் பல நாய்களுக்குத் தானாகவே குறையும். ஆனால் உங்கள் குட்டிக்கு வண்டி நகரும் முன்பே ஜொள்ளு வருகிறது. நிற்கிற வண்டியில் காதுக்கு என்ன வேலை? இது பயம். கார் என்றால் குமட்டல், இறங்கினால் ஊசி என்று அது கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. இந்தப் பயம் வயதானால் போகாது, பழக்கினால்தான் போகும்.

முதல் நான்கைந்து நாள் எஞ்சினைத் தொடவே வேண்டாம். காரை நிழலில் நிறுத்தி, இரண்டு பக்கக் கதவையும் திறந்து வையுங்கள். அதுவாக ஏறட்டும், இழுக்காதீர்கள். ஏறினால் வேகவைத்த கோழி ஈரலில் பட்டாணி அளவு ஒரு துண்டு. 2, 3 நிமிடம் போதும், காலையும் மாலையும். அது தயங்காமல் ஏறத் தொடங்கிய பிறகு கதவைச் சாத்தி உட்கார வையுங்கள். அடுத்து எஞ்சினை மட்டும் 1 நிமிடம் ஓடவிடுங்கள். இதை வெட்டவெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் புகை தங்கும். பிறகு கேட்டுக்கு வெளியே போய் உள்ளே வருவது, அதன்பின் தெருமுனை வரை, அதன்பின் 1 கிலோமீட்டர். அந்த 1 கிலோமீட்டர் ஏரிக்கரையிலோ மாந்தோப்பிலோ முடியட்டும், இறங்கியதும் ஓடி விளையாடட்டும். போகிற இடமெல்லாம் ஆஸ்பத்திரியாக இருந்தால் எந்த நாய்தான் ஏறும்?

எந்தப் படியிலாவது உதட்டை நக்குவது, அடிக்கடி கொட்டாவி விடுவது, ஜொள்ளு விடுவது தெரிந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். மறுநாள் இரண்டு படி பின்னால் போய் ஆரம்பியுங்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். நாலு நாள் நன்றாக ஏறிவிட்டதே என்று ஐந்தாம் நாள் ஓசூர் வரை ஓட்டிப் போவார்கள், அது வாந்தி எடுக்கும், பழக்கியதெல்லாம் வீணாகும். மூன்று வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகலாம். இடையில் ஊசிக்குப் போயே ஆகவேண்டும் என்றால் அந்தப் பயணத்துக்கு மட்டும் மருத்துவரிடம் மாத்திரை கேட்டு வாங்குங்கள்.

4 வயது ஸ்பிட்ஸ். தருமபுரி வரை ஒன்றும் ஆகாது. ஒகேனக்கல் இறக்கத்தில் மட்டும் தவறாமல் வாந்தி. மடியில் வைத்திருந்தாலும் அப்படித்தான்.
— வாசகர், பென்னாகரம்

உங்கள் நாய்க்குப் பயம் இல்லை, இது அசல் காதுப் பிரச்சினை. வளைவில் உடம்பு பக்கவாட்டில் ஆடுவதை உள்காது சொல்கிறது. கண்ணுக்குத் தெரிவதோ அசையாத சீட்டின் முதுகு. இரண்டும் ஒத்துப்போகாதபோது குமட்டுகிறது. மடியில் வைத்தால் உங்கள் உடம்பு ஆடுகிற ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். திடீர் பிரேக்கில் அது கையில் நிற்காது என்பது தனி.

பின்சீட்டில், முன்பக்கம் பார்த்தபடி உட்கார வையுங்கள். கழுத்துப் பட்டையில் கட்டக் கூடாது. நெஞ்சைச் சுற்றி வரும் ஹார்னஸ் போட்டு சீட் பெல்ட்டோடு இணையுங்கள். ஏர்பேக் உள்ள முன்சீட் வேண்டாம். சீட்டில் ரப்பர் பாயும் மேலே பருத்திப் போர்வையும் விரியுங்கள். வளைவுக்கு வளைவு கால் வழுக்கினால் அதுவே இன்னொரு கலவரம். பக்கக் கண்ணாடிக்குத் துணித் திரை போட்டால் மரங்கள் ஓடுவது தெரியாது. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைக்கலாம். தலையை வெளியே நீட்ட விடாதீர்கள், தூசி கண்ணில் அடிக்கும்.

கிளம்ப 5, 6 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை மட்டும் இவ்வளவு நேரம் பட்டினி போடக் கூடாது, 2, 3 மணி நேரம் போதும். தண்ணீரை நிறுத்த வேண்டாம், நாலு வாய் கொடுங்கள். முழு வயிறு கலங்கும், நாள் முழுக்கக் காய்ந்த வயிறு மஞ்சள் பித்தமாகக் கக்கும்.

வேகமும் முக்கியம். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக் போடாமல், நுழையும் முன்பே குறைத்து ஒரே சீராகத் திருப்புங்கள். காரில் இருக்கும் மனிதர்களுக்கும் அதுவே நல்லது.

போன முறை வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்தபோது மருத்துவர் எழுதிய மாரோபிட்டன்ட் மாத்திரை மிச்சம் இருந்தது. அதே அளவு கொடுத்தும் ஏற்காடு மலையில் வாந்தி எடுத்தது. நாங்கள் பஸ்ஸில் போடும் மாத்திரையைக் கொடுக்கலாமா?
— வாசகர், அரூர்

மருந்து சரி, அளவு தவறு. சாதாரண வாந்திக்கு மாரோபிட்டன்ட் மாத்திரை நாயின் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம். பயண வாந்திக்குக் கிலோவுக்கு 8 மில்லிகிராம். 10 கிலோ நாய்க்கு முதலாவது 20, இரண்டாவது 80. நான்கு மடங்கு வித்தியாசம்! அதனால்தான் மிச்ச மாத்திரை வேலை செய்யவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்களே நான்கு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். ஈரல், இதயக் கோளாறு உள்ள நாய்க்கு யோசித்துத்தான் எழுதுவோம். பயண அளவை நான்கு மாதம் தாண்டிய நாய்க்கு மட்டும், நாளுக்கு ஒரு முறை, தொடர்ந்து 2 நாளுக்கு மேல் போகாமல் கொடுக்க வேண்டும். நாயை எடை போட்டுக்கொண்டு போய் எழுதி வாங்குங்கள்.

கிளம்ப 2 மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். கார் கிளம்பியபின் வாயில் போட்டால் பயன் குறைவு. வெறும் வயிற்றில் கொடுத்தால் மாத்திரையே வாந்தியாக வரலாம் என்பதால் ஒரு சின்னத் துண்டு உணவில் வைத்துக் கொடுங்கள், கொழுப்பான கறியில் பொதிய வேண்டாம். இந்த மருந்து வாந்தியை நன்றாகத் தடுக்கும், குமட்டலை முழுதாகப் போக்காது. ஜொள்ளு கொஞ்சம் வந்தால் மருந்து தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள்.

மனிதருக்கான மாத்திரை வேண்டாம். ப்ரோமெத்தசின் நாயைத் தூங்க வைக்கும், அளவு தப்பினால் ஆபத்து. ஒன்டான்செட்ரான் வேறுவகை வாந்திக்கானது, பயணக் குமட்டலுக்கு அவ்வளவாக உதவாது. பாட்டி வைத்தியமாக எலுமிச்சம்பழத்தை மூக்கில் பிடிப்பதும் வேண்டாம். பல நாய்களுக்கு அந்த வாடையே பிடிக்காது. கற்பூரம் கூடவே கூடாது, அது நாய்க்கு நஞ்சு.

9 வயது நாட்டு நாய். இத்தனை வருடம் ஜம்மென்று வண்டியில் வந்தது. ஒரு மாதமாக வாந்தி, தலையை ஒரு பக்கம் சாய்க்கிறது.
— வாசகர், ஓசூர்

காரைப் பழி சொல்லாதீர்கள். தலைச் சாய்வு, தள்ளாட்டம், கருவிழி துடிப்பது எல்லாம் உள்காது அல்லது மூளைக் கோளாறின் அடையாளம். காதில் நாற்றம், சீழ் இருக்கிறதா பாருங்கள். இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். பயணம் முடிந்து 2, 3 மணி நேரம் கழித்தும் வாந்தி நிற்காத எந்த நாயையும் காட்டத்தான் வேண்டும். பெரிய நாய் வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது நள்ளிரவானாலும் உடனே கிளம்புங்கள்.

சீட்டில் வாந்தி வாடை போகவில்லை. பினாயில் போட்டுத் துடைக்கலாமா?
— வாசகி, பாலக்கோடு

வேண்டாம், பினாயில் நாய்க்குக் கெடுதல். கெட்டியானதை வழித்தெடுத்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். பிறகு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து நனைத்து, கதவுகளைத் திறந்துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். உங்கள் மூக்குக்குப் போய்விட்ட வாடை நாயின் மூக்குக்கு இருக்கும், அதுவே அடுத்த முறை குமட்டலைக் கிளப்பும். அதை மறைக்க வாசனை டப்பா தொங்கவிட்டால் ஒன்றுக்கு இரண்டு வாடையாகிவிடும், அதைக் கழற்றிவிடுங்கள். உறை தோய்க்க முடியாத சீட்டாக இருந்தால் மேலே கழற்றக்கூடிய துணி உறை ஒன்று தைத்துப் போடுங்கள்.