பூனைகளும் நாயும் ஒரே வீட்டில்: யாருக்கு எங்கே சோறு? (கேள்வி-பதில்)

ஒன்றுக்கு மேற்பட்ட பிராணிகள் வளரும் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன். எல்லோரும் எத்தனை மணிக்கு, எத்தனை வேளை என்றே கேட்கிறீர்கள். நான் முதலில் கேட்பது கிண்ணம் எங்கே இருக்கிறது, சாப்பிடும்போது யார் யாரைப் பார்க்க முடிகிறது என்பதைத்தான்.

டாக்டர், லாப்ரடார் குட்டி வந்ததிலிருந்து எங்கள் ஐந்து வயதுப் பூனை கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. நேற்று முன்தினத்திலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. "பசித்தால் தானே வரும்" என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா? (வாசகி, சென்னை)

இவருக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்: காத்திருக்காதீர்கள். நாய் ஒருநாள் பட்டினி கிடந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், உடலில் சேர்ந்த கொழுப்பு மொத்தமாகக் கல்லீரலுக்கு வந்து குவிந்துவிடும். கல்லீரல் அதைச் சமாளிக்க முடியாமல் திணறும். கண், காது, ஈறு மஞ்சளாகும். கொழுகொழு பூனைகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். ஆகவே ஒரு முழு நாள் எதுவும் உண்ணாவிட்டாலே மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. வாயைப் பிளந்து பாலை ஊற்றுவது, நமக்கு வாங்கிய பசி டானிக்கைப் புகட்டுவது இரண்டும் வேண்டாம்.

உடம்பில் நோய் இல்லை, பயம்தான் என்று தெரிந்தபின் பூனைக்கு ஓர் அறையை ஒதுக்குங்கள். உணவு, தண்ணீர், மணல் தட்டு மூன்றும் அங்கேயே இருக்கட்டும். நாய்க்குட்டிக்கு அந்த அறையில் அனுமதி கிடையாது. ஈர உணவை வெதுவெதுப்பாக்கி வைத்தால் மணம் எழும். பூனைக்குப் பசியைக் கிளப்புவது மணம்தான்.

கருத்தடை செய்த கடுவன், ஆறரை கிலோ. பெட்டை, 2.8 கிலோ. ஹாலில் இரண்டு கிண்ணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எப்போதும் நிரப்பி வைத்திருக்கிறோம். கடுவன் தன்னுடையதை முடித்துவிட்டு அவளுடையதற்கும் வந்துவிடுகிறான். அவள் நடுராத்திரியில் வந்து மிச்சத்தைக் கொறிக்கிறாள். (வாசகர், தாம்பரம்)

கிண்ணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது நம் பந்தி மனப்பான்மை. பூனையின் முன்னோர் தனியே வேட்டையாடி, எலியளவு இரையைத் தனியே தின்றவர்கள். அடுத்த பூனை முழங்கை தூரத்தில் நிற்கும்போது ஒன்று அவசரமாக விழுங்கும், இன்னொன்று விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்கும். உறுமல், சண்டை எதுவும் இருக்காது. கடுவன் வாசலில் படுத்து வெறுமனே பார்ப்பான். அவள் கிண்ணத்துக்கு நான்கடி தூரத்தில் உட்கார்ந்து, பசியே இல்லாததுபோல் பாதத்தை நக்கிக்கொண்டிருப்பாள். உங்கள் வீட்டில் இதைப் பார்த்தால் அதுதான் சண்டை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவைச் சொல்கிறேன், வியப்பாக இருக்கும். கடுவன் ஐந்து கிலோவுக்கு இறங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அவனுக்கு நாளுக்கு ஏறக்குறைய 200 கிலோ கலோரி போதும். அவளுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான் வேண்டும். பெரும்பாலான உலர் உணவில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கிலோ கலோரி வரை இருக்கும். எனவே ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 57 கிராம். சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், "இவ்வளவுதானா?" என்பீர்கள். கைப்பிடி அளவையும் டம்ளர் அளவையும் நம்பாதீர்கள். கருத்தடைக்குப் பிறகு பூனையின் தேவை கால் பங்குக்கு மேல் குறையக்கூடும். நாமோ பழைய அளவையே போட்டுக்கொண்டிருப்போம்.

இனி எப்போதும் நிரம்பிய கிண்ணம் வேண்டாம். அந்த 50 கிராமை நான்கு வேளையாகப் பிரியுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் மூன்றாகப் பிரித்தாலும் சரி. அவள் படுக்கையறையில், அவன் சமையலறையில், நடுவே மூடிய கதவு. இருபது நிமிடம் கழித்துக் கதவைத் திறப்பதற்கு முன் இரண்டு கிண்ணங்களையும் எடுத்துவிடுங்கள். முதல் வாரம் கடுவன் கதவைப் பிறாண்டிக் கத்துவான், இரங்கிவிடாதீர்கள். ஆனால் அவசரமாகவும் இளைக்க வைக்காதீர்கள், மேலே சொன்ன கல்லீரல் கதைதான் அங்கேயும். மாதம் 200, 250 கிராம் குறைந்தால் போதும். அவள் தனியே வயிறாரச் சாப்பிட்டும் எடை ஏறவில்லை என்றால், அல்லது இறங்குகிறது என்றால், ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

நாய் பூனை உணவைத் தின்கிறது, பூனை நாய் உணவைத் தின்கிறது. இரண்டும் இறைச்சி வாசம்தானே, ஒரே மூட்டை வாங்கினால் என்ன? (வாசகர், கோவை)

செலவு மிச்சம்தான், பூனையின் கண்ணும் இதயமும் போனால் பரவாயில்லை என்றால். டாரின் என்ற பொருளை நாய் பெரும்பாலும் தன் உடலிலேயே தயாரித்துக்கொள்ளும்; பூனையால் போதிய அளவு முடியாது, உணவிலிருந்துதான் வர வேண்டும். டாரின் குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து விரியும். 1987-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியனும் சக ஆய்வாளர்களும் இதை உறுதிப்படுத்தினார்கள். அவர்கள் ஆராய்ந்தவை கடையில் விற்ற பூனை உணவையே தின்ற பூனைகள். அதன் பிறகுதான் நிறுவனங்கள் டாரினை அதிகமாகச் சேர்க்கத் தொடங்கின. நாய் உணவில் அந்த உத்தரவாதம் இல்லை. பூனை ஒரு வாய் திருடினால் பதற வேண்டாம், அதுவே அன்றாடச் சாப்பாடு ஆகிவிடக் கூடாது.

மறுபக்கம், பூனை உணவில் புரதமும் கொழுப்பும் அதிகம். நாய்க்கு அது தின்பண்டம் மாதிரி. வயிற்றுப்போக்கு, உடல் பருமன், சில நாய்களுக்குக் கணைய அழற்சி வரை கொண்டுபோகும். பூனையின் தட்டை வாஷிங் மெஷின் மேலோ, அகலமான ஜன்னல் திட்டிலோ வையுங்கள். பூனை தாவிவிடும், நாய் அண்ணாந்து பார்க்கும்.

பக்கத்திலேயே மீன் இறங்குகிறது. மூன்று பூனைகளுக்கும் தினமும் பச்சை நெத்திலி, மத்தி. ராத்திரிக்குத் தயிர்சாதம் அல்லது மீன்குழம்புச் சோறு. நன்றாகத்தான் இருக்கின்றன. (வாசகி, தூத்துக்குடி)

மத்தி, நெத்திலி வகைகள் சிலவற்றில் தயாமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு. நாள்தோறும் பச்சையாகவே கொடுத்தால் பூனை தள்ளாடும், தலை மார்போடு கவிழும், வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி போய்விடும், ஆகவே அவித்துக் கொடுங்கள். அப்போதும் மீன் மட்டுமே உணவாகக் கூடாது. எண்ணெய்ச் சத்துள்ள மீன் மட்டும் தின்று வைட்டமின் ஈ குறைந்தால் உடல் கொழுப்பு அழன்று, தொட்டாலே வலிக்கும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மீன், மற்ற நாள் முழுமையான பூனை உணவு என்று மாற்றுங்கள்.

குழம்பை இன்றே நிறுத்துங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வதக்கினாலும் கொதிக்க வைத்தாலும் அந்தக் குணம் மாறாது. தயிர்சாதம் விஷமில்லை, ஆனால் அதை நம்பி ஒரு பூனை வாழ முடியாது.

பன்னிரண்டு வயதுப் பூனைக்குச் சிறுநீரகக் கோளாறு, தனி உணவு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கூடவே இரண்டு இளசுகள். எப்படிப் பிரிப்பது? (வாசகர், திருச்சி)

இளசுகள் கிழவியின் உணவில் நாலு வாய் தின்றால் கவலை இல்லை, அவை வளரும் குட்டிகளாக இல்லாதவரை. கிழவி இளசுகளின் தட்டில் வாய் வைப்பதுதான் பிரச்சினை, ஏனென்றால் பாஸ்பரஸைக் குறைக்கத்தான் அந்தத் தனி உணவே. தாம்பரத்துக்காரருக்குச் சொன்ன மூடிய கதவுதான் உங்களுக்கும். பூனையின் மைக்ரோசிப்பை (தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) படித்துத் திறக்கும் கிண்ணங்கள் இருக்கின்றன. வசதி உள்ளவர்கள் வாங்கலாம். கதவு அதே வேலையை இலவசமாகச் செய்கிறது. புது உணவைப் பத்து நாளாவது பழையதோடு கலந்து பழக்குங்கள். அறவே மறுத்தால் பட்டினி போடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லி வேறு வகை கேளுங்கள்.

விடியற்காலை நாலரை மணிக்கு மூன்று பூனைகளும் என் மேல் ஏறி எழுப்புகின்றன. (வாசகி, மதுரை)

எழுந்து போடுகிறீர்கள், அதனால் எழுப்புகின்றன. இரவுப் பங்கில் கொஞ்சத்தைப் படுக்கப் போகும் நேரத்துக்கு ஒத்திவையுங்கள். காலையில் எழுந்ததும் நேராகக் கிண்ணத்துக்குப் போகாமல் பல் துலக்கி, காபி குடித்துவிட்டுப் போடுங்கள். நேரம் வைத்தால் திறக்கும் தானியங்கிக் கிண்ணம் இருந்தால் இன்னும் நல்லது, அவை உங்களை விட்டுவிட்டு அதை நச்சரிக்கும்.

கிண்ணத்தில் எறும்பு. (வாசகர், சேலம்)

அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் கிண்ணத்தை வையுங்கள். எறும்புப் பொடி, சாக்பீஸ் எதுவும் அருகே வேண்டாம். வெயில் காலத்தில் ஈர உணவை அரைமணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். குடிக்கும் தண்ணீரை உணவிலிருந்து தள்ளி வேறோர் இடத்தில் வைத்தால் பல பூனைகள் கூடுதலாகக் குடிக்கும். உலர் உணவு தின்னும் கடுவன்களுக்கு அது மிக அவசியம். மணல் தட்டில் முக்கிக்கொண்டே உட்கார்ந்து சிறுநீர் வராவிட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.