போர் வந்தால் வாயைப் பூட்டிக்கொள்ள வேண்டுமா?

கேள்வி: சண்டை நடக்கிற நேரத்தில் சொந்த அரசாங்கத்தையே குறை சொல்கிறவர்களை என்ன செய்வது? களத்துக்குப் போன பிள்ளைகளின் மனம் உடைந்துபோகாதா? இது தேசத்துரோகம் இல்லையா?
- ஒரு வாசகர், ஈசூன்

பதில்: ஈசூன்காரர் கேட்பதால் உங்கள் பக்கத்துக் கதையையே சொல்கிறேன்.

1941 கடைசி. ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கித் தெற்கே வந்துகொண்டிருந்தது. இங்கே சிங்கப்பூரில் ராணுவப் பொறியாளர்களுக்குத் தலைவராக இருந்த சிம்சன், ஜோகூர் நீரிணையைப் பார்த்த வடகரையில் அரண் கட்டியே ஆக வேண்டும் என்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலிடம் மன்றாடினார். பெர்சிவல் மறுத்துவிட்டார். அரண் கட்டுவதைப் பார்த்தால் படைக்கும் மக்களுக்கும் மனம் தளர்ந்துவிடுமாம்! நீங்கள் சொல்கிற அதே காரணம்தான். 1942 பிப்ரவரி 8 இரவு எதிரி நீரிணையைத் தாண்டி சரிம்பூன் பக்கம் ஏறி வந்தான். ஒரே வாரம். 15ஆம் தேதி மாலை புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பெர்சிவல் சரணடைந்து கையெழுத்துப் போட்டார். ஏறக்குறைய 80,000 வீரர்கள் கைதிகளானார்கள். அதில் எத்தனையோ பேர் ஜப்பானியர் போடவைத்த சயாம் ரயில் பாதையில் செத்தார்கள். மனம் தளராமல் பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

பினாங்கில் இன்னும் மோசம். அந்த டிசம்பரில் வெள்ளைக்காரர்களைச் சத்தமில்லாமல் கப்பலேற்றிவிட்டு, சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று மற்ற எல்லாரையும் அப்படியே விட்டுப் போனார்கள். அதைத் தட்டிக் கேட்டிருந்தால் துரோகமா? (யாருடைய தேசத்துக்கு என்பது வேறு கேள்வி.)

இங்கே இப்படி என்றால் லண்டனில் வேறு மாதிரி. சிங்கப்பூர் விழ இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது, ஜனவரி 27 தொடங்கி மூன்று நாள், சர்ச்சில் போரை நடத்துகிற விதத்தை நாடாளுமன்றத்தில் பிரித்து மேய்ந்தார்கள். அவரே நம்பிக்கை வாக்கெடுப்பு கேட்டு 464க்கு 1 என்று ஜெயித்தார். வட ஆப்பிரிக்காவில் டோப்ருக் நகரம் எதிரியிடம் பறிபோனதும் ஜூலையில் நம்பிக்கையில்லாத் தீர்மானமே வந்தது, 475க்கு 25 என்று தோற்றது. அந்த 25 பேரை யாரும் சிறையில் தள்ளவில்லை, பிரிட்டன் போரில் தோற்கவும் இல்லை. இத்தனைக்கும் 1940இல் சர்ச்சில் பிரதமரானதே, நார்வேயில் வாங்கிய அடிக்காக அப்போதைய பிரதமர் சேம்பர்லினைச் சபையில் கிழித்துத் தொங்கவிட்ட பிறகுதான். என்ன, இந்தப் பெருந்தன்மை கடல் தாண்டி வரவில்லை. அதே சர்ச்சில் அரசு 1942 ஆகஸ்டில் காந்தியைச் சிறைவைத்தது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம் என்பீர்கள். சரி, புறநானூற்றுக்கு வாருங்கள். ஆவூர்க் கோட்டையைப் பகைவர் சூழ்ந்து நிற்க, உள்ளே கதவடைத்து உட்கார்ந்திருந்தான் சோழன் நெடுங்கிள்ளி. கோவூர் கிழார் அவன் முகத்துக்கு நேரே சொன்னார்: குழந்தைகள் பாலில்லாமல் அலறுகின்றன, பெண்கள் பூவில்லாத வெறுந்தலையை முடிகிறார்கள், நீ இப்படி இருப்பது வெட்கக்கேடு, அறத்தை நினைத்தால் கோட்டை உன்னுடையது என்று எதிரிக்குத் திறந்துவிடு, மறத்தை நினைத்தால் சண்டைக்குத் திற. முற்றுகைக்கு நடுவில் சொன்ன பேச்சு இது! நெடுங்கிள்ளி லேசுப்பட்ட ஆளும் இல்லை. உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவரை ஒற்றன் என்று சந்தேகப்பட்டுக் கொல்லப் போனவன். அதையும் பாடித் தடுத்தவர் இதே கோவூர் கிழார்தான்.

ஏன் இந்தப் போர், இன்னும் எத்தனை நாள், செத்தவர்கள் எத்தனை பேர், ஏன் மறைக்கிறீர்கள்? இந்த நாலையும் கேட்க மகனைக் களத்துக்கு அனுப்பிய அப்பா அம்மாவைவிட உரிமை உள்ளவர் யார்? பையனின் மனம் உடையும் என்று அவர்கள் வாயை அடைப்பீர்களா?

உங்களோடு ஓர் இடத்தில் மட்டும் ஒத்துப்போகிறேன். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, எந்தப் படை எப்போது கிளம்புகிறது என்று வாட்ஸ்அப்பில் போடுகிறவன் செய்வது விமர்சனம் இல்லை, காட்டிக்கொடுப்பு. அப்படி யாராவது உங்கள் புளோக்கில் இருந்தால் போலீசில் சொல்லுங்கள். நானும் கூட வருகிறேன்.