ரியர்செட்: வாசகர் கேள்விகள், என் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரியர்செட் பற்றித்தான், அதாவது கம்பெனி ஃபுட்ரெஸ்ட், கியர் லீவர், பிரேக் பெடலுக்குப் பதிலாக, காலை மேலேயும் பின்னாலேயும் வைக்க மாட்டும் செட். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, என் பைக்குக்கு நல்ல ரியர்செட் ஒன்று சொல்லுங்கள்.

எந்த பைக்? மாடல் இல்லை, வருடம் இல்லை, ரோட்டில் ஓட்டுகிறீர்களா டிராக்கிலா என்றும் இல்லை. 2014-ல் வந்த ஆர்சி 390-யும் 2022-ல் வந்த புது ஆர்சி 390-யும் பெயரில்தான் ஒன்று, சப்ஃப்ரேமே (சீட்டைத் தாங்கும் பின்பக்கச் சட்டம்) வேறு. "எல்லா கேடிஎம்-க்கும் பொருந்தும்" என்று கடையில் சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். முழு விவரத்தோடு திரும்ப எழுதுங்கள்.

ஆர்15 வி4, என் உயரம் 6 அடி. வார இறுதியில் 200 கிலோமீட்டர் ஓட்டினால் முட்டி வலிக்கிறது. ரியர்செட் போட்டால் சரியாகுமா?

இன்னும் மோசமாகும். ரியர்செட் காலை மேலேயும் பின்னாலேயும் தள்ளும், முட்டி இன்னும் மடங்கும். அது வளைவில் சாய்க்கும்போது பெக் (ஃபுட்ரெஸ்ட்) தரையில் உரசுகிறவர்களுக்கான பொருள். உங்களுக்குத் தேவை சீட்டில் ஒரு அங்குலம் கூடுதல் ஃபோம், நடுவில் ஒரு டீக்கடை.

ஜிபி ஷிஃப்ட் (கியர் வரிசையைத் தலைகீழாக்குவது) ஆக்கலாமா? டிராக் டே, அதாவது ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாளுக்குப் போகப் போகிறேன்.

ஆக்கலாம், காரணம் தெரிந்து ஆக்குங்கள். இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்கும்போது லீவருக்கு அடியில் ஷூ நுனியை நுழைக்க இடம் இருக்காது, அதனால்தான் முதல் கியர் மேலே, மற்றதெல்லாம் கீழே என்று மாற்றுகிறார்கள். வலப்பக்க கியர் வைத்த பழைய புல்லட்டிலும் கியர் வரிசை இதுதான், எனவே பழகிவிடும். லீவரையும் கியர் ஷாஃப்டையும் ராடால் இணைத்த பைக்குகளில் ஷாஃப்டின் பல்லில் (ஸ்ப்லைன்) மாட்டியிருக்கும் ஆர்மைக் கழற்றித் தலைகீழாக மாட்டினால் போதும், சில ரியர்செட்டுகளில் இதற்கென்றே லீவரில் தனி ஓட்டை இருக்கும். குயிக்‌ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற உதவும் கருவி) இருந்தால் மட்டும் நிதானம்: சென்சார் எந்தத் திசை விசையைப் பார்க்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தள்ளும்போது வேலை செய்வது இழுக்கும்போது வேலை செய்யாமல் போகலாம். அப்புறம் அந்த பைக்கை யாருக்கும் இரவல் தராதீர்கள். 80-ல் போகும்போது அடுத்த கியர் என்று நினைத்து ஒருவர் லீவரைத் தூக்கினால் கியர் இறங்கி பின்சக்கரம் லாக் ஆகும்.

ரியர்செட் போட்டதில் இருந்து பின் பிரேக் லைட் எரியவில்லை. முன் பிரேக் பிடித்தால் எரிகிறது, அது போதும் என்கிறார் மெக்கானிக். சரிதானே?

சரியில்லை. இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை, வரும்போதெல்லாம் கோபம் வருகிறது. மழையில், மணலில், டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது உங்கள் கால்தான் முதலில் பிரேக்கைத் தொடும். ஜிஎஸ்டி ரோட்டில் ராத்திரி உங்களுக்குப் பின்னால் வரும் பஸ் டிரைவருக்கு நீங்கள் வேகம் குறைப்பதைச் சொல்ல அந்த ஒரு லைட்தான் இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு "போதும்" என்று சொல்கிறவர் கையில் பிரேக் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஏன் எரியவில்லை? கம்பெனி சுவிட்சை பெடலில் மாட்டிய ஒரு சின்ன ஸ்பிரிங் இழுக்கும். புது பெடல் வேறு இடத்தில் இருப்பதால் ஸ்பிரிங் எட்டாது, மெக்கானிக் வயரைச் சுருட்டி டேப் ஒட்டிவிடுவார். சுவிட்சுக்கு இடம் வைத்த ரியர்செட்டாக வாங்கியிருந்தால் தொல்லையே இல்லை. இல்லையென்றால் பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரில், பிரேக் ஹோஸை மாட்டும் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டுக்குப் பதிலாக, பிரேக் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் பிரஷர் சுவிட்ச் போடுங்கள், பழைய இரண்டு வயர்களே போதும். ஆனால் 10 மில்லிமீட்டர் பேன்ஜோவில் 1.0, 1.25 மில்லிமீட்டர் என்று இரண்டு மரை இடைவெளி உண்டு, கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். தவறானதைப் பலவந்தமாக முறுக்கினால் அலுமினிய சிலிண்டரின் மரை போய்விடும். செம்பு வாஷர்கள் புதிதாகப் போடுங்கள், பிரேக் ஆயிலில் இருக்கும் காற்றை முழுக்க எடுங்கள். ஏபிஎஸ் பைக்கில் ஆயில் டப்பா காலியாக விடவே கூடாது. யூனிட்டுக்குள் காற்று போனால் அப்புறம் சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டர்தான் கதி.

லைட் எரிய ஆரம்பித்து அணையவே இல்லையா? அங்கேதான் நான் எப்போதும் சொல்லும் ஃப்ரீ பிளே வருகிறது. பெடலின் புஷ் ராடு மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனை லேசாக அழுத்திக்கொண்டே இருந்தால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை மூடிவிடும். ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், போக இடமில்லாமல் பேடைத் தள்ளும், பேடு உரசி இன்னும் சூடாகும், கடைசியில் சக்கரம் பிடித்துக்கொள்ளும். பெடலைத் தொட்டால் பிஸ்டன் நகர்வதற்கு முன் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். பெடல் உயரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைப் பாருங்கள்.

கியர் சரியாக விழவில்லை, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நியூட்ரல் மாதிரி ஓடுகிறது.

கியர்பாக்ஸைத் திட்டுவதற்கு முன் ராடைப் பாருங்கள். ராடும் ஆர்மும் ஏறக்குறைய 90 டிகிரியில் சந்திக்க வேண்டும், கோணம் தப்பினால் லீவர் முழுதாக நகர்ந்தும் ஷாஃப்ட் பாதிதான் திரும்பும். ராடை நீட்டிச் சரிசெய்யும்போது இரு முனையிலும் எட்டு, ஒன்பது மில்லிமீட்டராவது மரை உள்ளே இருக்கட்டும். ஒரு முனை இடது மரை (எதிர்த்திசையில் சுற்றும்), அதன் லாக் நட்டும் அப்படியே. லாக் நட்டை இறுக்க மறக்காதீர்கள்.

மடங்கும் பெக்கா, மடங்காததா?

ரோட்டில் மடங்குவதுதான். மடங்காத பெக் தரையில் ஊன்றினால் டயரையே தூக்கிவிடும்.

ஆன்லைனில் 4,000 ரூபாய்க்கு ஒரு செட், பெரிய பிராண்ட் பெயர் போட்டிருக்கிறது. வாங்கலாமா?

அந்த விலைக்கு அந்தப் பெயர் வராது. ஒரிஜினல் எல்லாம் இதைவிடப் பல மடங்கு. போலி என்றால் உலோகம் எது என்றே தெரியாது, உங்கள் முழு எடையும் அந்த பிராக்கெட்டின் இரண்டு எம்8 (8 மில்லிமீட்டர்) போல்ட்டில் நிற்கிறது. பணம் இல்லையென்றால் கம்பெனி ஃபுட்ரெஸ்டிலேயே ஓட்டுங்கள், அது சோதித்து வந்த பொருள்.

போல்ட் அடிக்கடி லூஸ் ஆகிறது.

நீல லாக்டைட் (போல்ட் கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு, சிவப்பு வேண்டாம். எம்8 போல்ட்டுக்கு டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளக்கும் ஸ்பேனர்) சுமார் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், எம்6-க்கு 10. மேனுவல் வேறு சொன்னால் மேனுவல்தான். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை எல்லாவற்றையும் பாருங்கள், லாக் நட் உட்பட.

பில்லியன் ஃபுட்ரெஸ்டைக் கழற்றிவிட்டேன், போலீஸ் பிடிப்பார்களா?

பின்சீட் இருக்கும் பைக்குக்கு கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு மூன்றும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. யாரையும் பின்னால் ஏற்றுவதில்லை என்பது பதிலாகாது, சீட் இருக்கிறதே. திரும்ப மாட்டுங்கள். சில பைக்குகளில் சைலன்சரும் அந்த பிராக்கெட்டில்தான் தொங்குகிறது, அது எதில் நிற்கிறது என்றும் பாருங்கள்.

கழற்றிய கம்பெனி செட்டை விற்றுவிடலாமா?

வேண்டாம். ஒரு முறை விழுந்து லீவர் உடைந்தால் புது பாகம் வரும் வரை பைக்கை ஓட்ட அதுதான் இருக்கிறது. போல்ட், ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டி வையுங்கள். திரும்ப மாட்டும் அன்றைக்கும் ஃப்ரீ பிளே பாருங்கள்.