பாட்டுப் பயிற்சி இல்லாதவர் ஊர்ப் பண்டிகை நாடகத்தில் முருகன் வேடம் ஏற்கலாமா?

கேள்வி கேட்டவருக்கு 38 வயது. ஊர் ஆத்தூர்ப் பக்கம். மாரியம்மன் பண்டிகைக்கு ஊர்க்காரர்களே சேர்ந்து ‘வள்ளி திருமணம்’ நாடகம் போடுகிறார்கள், தமக்கு முருகன் வேடம் தருவதாகச் சொல்கிறார்கள், ஆனால் தாம் முறையாகப் பாட்டுக் கற்றதில்லை, ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். ஏற்கெனவே பதில் எழுதியவர்கள் எல்லோரும் ‘துணிந்து ஏறுங்கள், கூச்சம் தானாகப் போய்விடும்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகுதான் நான் எழுத உட்கார்ந்தேன். கூச்சம் ஒரு பொருட்டே அன்று. முகத்தில் அரிதாரம் ஏறிவிட்டால் கூச்சப்படுவதற்கு நம்முடைய முகம் அங்கே இருப்பதில்லை. நீங்கள் அஞ்ச வேண்டியது கட்டையை, அதாவது பாடும் சுருதியின் உயரத்தைப் பற்றி மட்டுமே.

ஒப்புக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதிலும். ஆனால் அதற்கு முன் நாடகக் கமிட்டியாரிடம் மூன்று செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆர்மோனியம் வாசிக்கப் போகிறவர் யார், வள்ளியாக வருகிறவர் எத்தனை கட்டையில் பாடுகிறவர், ஒலிபெருக்கிக்கு எத்தனை மணி வரை அனுமதி வாங்கியிருக்கிறார்கள். இந்த மூன்றையும் கேட்காமல் வேடம் ஏற்றவன் நான்.

சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவன்; நெசவு நூல் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். 2017ஆம் ஆண்டு ஆடிப் பண்டிகைக்கு எங்கள் தெருவில் ‘வள்ளி திருமணம்’ போட்டபோது எனக்கு 41 வயது. வேடனாக வரும் முருகன் எனக்கு. குரல் வளத்துக்காக அந்த வேடத்தைத் தந்தார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேடச் செலவுக்காக ஐந்தாயிரம் ரூபாய் முதலில் கட்டியவன் நான் என்பதே காரணம். எங்கள் பக்கத்தில் அது வழக்கம், அதில் தவறு இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. பணம் கட்டி நடிப்பதெல்லாம் ஒரு கலையா என்று கேட்கிறவர்களுக்கு, 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் இருந்துகொண்டே மேடையில் நடித்த பம்மல் சம்பந்த முதலியாரை நினைவூட்டுகிறேன். ஆனால் அவருடைய சபை நாடகங்களில் வசனத்துக்குத்தான் முதலிடம். நீங்களும் நானும் ஒப்புக்கொண்டது இசை நாடகம். இங்கே கோபம் வந்தாலும் பாட்டு, வழி கேட்டாலும் பாட்டு.

இதைப் பற்றி அறியாதவர்களுக்காகக் கட்டையைச் சற்று விளக்கிவிடுகிறேன். ஆர்மோனியப் பெட்டியில் எந்தக் கட்டையை ஆதார ஷட்ஜமாக, அதாவது அடிப்படை ‘ச’ சுரமாக, வைத்துக்கொள்கிறோமோ அந்த எண்ணையே நம் சுருதியாகச் சொல்கிறோம். என்னைப் போன்ற பயிற்சியற்ற ஆண் குரலுக்கு ஒன்றரை அல்லது இரண்டு கட்டை. பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரை. ஒலிபெருக்கி வராத காலத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக ராஜபார்ட் எனப்படும் கதாநாயக நடிகர்களும் நான்கு, ஐந்து கட்டையில் பாடினார்கள். 1933இல், முப்பது வயதுகூட நிறையாமல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவும், நமக்குப் பக்கத்துக் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளும் முருகனும் வள்ளியுமாக மேடையில் நின்றார்கள் என்றால், இருவரின் குரலும் ஒரே உயரத்தில் நின்று மோதியது என்று பொருள். இந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளோ 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கி, குரல் உடையாத சிறுவர்களை அமர்த்திப் பாடம் சொன்னவர். ஆகவே நூல் கடைக் கணக்கனை மனத்தில் வைத்துக்கொண்டு எவரும் மெட்டுப் போடவில்லை.

எங்கள் நாடக வாத்தியாருக்கு அப்போது எழுபது வயதைத் தாண்டியிருந்தது. சிறுவனாக இருந்தபோது ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலைய வாயிலில் காலை முதல் மாலை வரை நின்று நடிகர்களைப் பார்த்த கதையை ஒவ்வோர் ஒத்திகையிலும் ஒருமுறை சொல்வார். மற்றபடி மிகக் கண்டிப்பானவர். தறி நின்ற பிறகு இரவு ஒன்பது மணிக்கு ஒரு தறிக்கூடத்தில், தறியின் பாவு நூலைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, மூன்று மாதம் ஒத்திகை நடத்தினார். வாத்தியாரே பெட்டி வாசித்தார். என் குரலுக்கு ஏற்றபடி இரண்டு கட்டை வைத்தார். வள்ளியின் பாட்டையும் அவரே இரண்டு கட்டையில் கரகரவென்று பாடிக் காட்டினார். நானும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் என் பாட்டு, வசனம் அனைத்தையும் எழுதி மனப்பாடம் செய்தேன். பனங்கற்கண்டும் மிளகும் வாயில் அடக்கிக்கொண்டு, மோரை அறவே விட்டுவிட்டு, குமரகிரி மலைப் படிகளில் விடியற்காலையில் ஏறி நின்று கத்திப் பழகினேன். எனக்கு நன்றாக வருகிறது என்றே நம்பினேன்.

வள்ளி வேடத்துக்கு மட்டும் மதுரைப் பக்கத்திலிருந்து தொழில்முறை நடிகை ஒருவரைப் பேசியிருந்தார்கள். அவர் வந்து சேர்ந்தது நாடகத்தன்று இரவு எட்டு மணிக்கு. ஒத்திகைக்கு நேரமில்லையே என்று நான் பதறியபோது அவர் சிரித்தார். ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்கு ஒத்திகை என்பதே கிடையாது. ஒவ்வோர் ஊரிலிருந்து ஒவ்வொருவராக வந்து, முன்பின் பார்த்திராதவர்களோடு அன்று இரவே மேடையேறி, விடிந்ததும் கலைந்து போகிறவர்கள் அவர்கள். கதையின் கட்டமைப்பும் பாட்டுகளின் வரிசையும் எல்லோருக்கும் தெரியும். நடுவில் வரும் தர்க்கத்தை மட்டும் எதிரில் நிற்பவரைப் பார்த்து அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். இது எங்கள் வாத்தியாருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. எனக்கு ஏன் சொல்லவில்லை என்பது இன்று வரை எனக்குப் புரியவில்லை.

மேடைக்குப் பின்னால் தேங்காய் எண்ணெய் பூசி, முத்துவெள்ளை அப்பி, அட்டைக் கிரீடம் நெற்றியில் இறுகிக்கொண்டிருந்த வேளையில், அந்த நடிகை கூட்டி வந்த ஆர்மோனியக்காரர் என்னிடம், “சார் என்ன கட்டை?” என்று கேட்டார். “ரெண்டு” என்றேன். அவர் அந்த அம்மையாரைப் பார்த்தார். “எனக்கு அஞ்சரை. தம்பிக்காக அஞ்சு வெச்சுக்கங்க” என்றார் அவர். ஐந்து கட்டையில் மேலே ஏறிப் பாட என்னால் ஆகாது. ஒரு ஸ்தாயி கீழே இறங்கித்தான் பாட வேண்டும். அதாவது குரல் வயிற்றுக்குள்ளிருந்து முனகலாக வரும். “மைக் இருக்குல்ல, கவலைப்படாதீங்க” என்றார் ஆர்மோனியக்காரர்.

மைக் இருந்த வரைக்கும் உண்மையிலேயே கவலைப்பட ஒன்றும் நேரவில்லை. மேடை நடுவில் ஒரே ஒரு மைக்தான். அதைவிட்டு இரண்டடி நகர்ந்தால் பாட்டு காணாமல் போய்விடும் என்பதால், வேட்டையாட வந்த வேடன் நட்டு வைத்த கம்பம்போல் ஒரே இடத்தில் நின்று வேட்டையாடினேன். தர்க்கம் தொடங்கியது. நோட்டில் எழுதிய முதல் இரண்டு கேள்விகளுக்கு எழுதிய விடைகளையே சொன்னேன். மூன்றாவதாக அந்த அம்மையார் என் பாதங்களைக் குனிந்து பார்த்தார். பிறகு சபையைப் பார்த்தார். “வேடரே, காலில் செருப்பில்லை, பாதத்தில் முள்ளும் தைக்கவில்லை. காட்டுக்கு எந்த வழியாக வந்தீர்?” என்று கேட்டுவிட்டு அதையே ராகம் போட்டுப் பாடவும் தொடங்கிவிட்டார். என் நோட்டில் இந்தக் கேள்வியே கிடையாது. மிருதங்கக்காரர் என்னைப் பார்க்கிறார். ஆர்மோனியக்காரர் ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கிரீடத்துக்குள்ளிருந்து வியர்வை இறங்கி முத்துவெள்ளையில் கோடு விழுவது எனக்கே தெரிகிறது. அந்த நிலையில் எங்கிருந்து வந்ததென்று தெரியாமல், “ஏற்காட்டு மலையிலே இருபது வளைவு சுற்றி வந்தேன், வண்டிக்காரர் இறக்கிவிட்டார்” என்று வாயில் வந்த மெட்டில் பாடிவிட்டேன். தெருவே கைதட்டியது. எங்கள் ஊரில் இருபது கொண்டை ஊசி வளைவைச் சொன்னால் கைதட்டாதவர் யார்? என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மொத்தக் கைதட்டலும் அந்த ஒரு வரிக்கு வந்ததுதான். இதை எழுதும்போதுகூடப் பெருமையாகவே இருக்கிறது.

அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் மைக் நின்றுவிட்டது.

பழுது ஒன்றும் இல்லை, மணி பன்னிரண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை நாள்களுக்கென்று, ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், 12 மணி வரை அரசு தளர்வு தரலாம். எங்கள் கமிட்டியும் 12 மணி வரைதான் அனுமதி வாங்கியிருந்தது. விடிய விடிய நடக்க வேண்டிய நாடகத்துக்கு 12 மணி வரை அனுமதி வாங்கியவர்கள், அதை நடிகர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? நாடகம் தொடங்கியதிலிருந்து கிடைத்த மூன்று மணி நேரத்திலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், நன்கொடை தந்தவர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதில் கழிந்தது. பபூன் தம் பங்குக்கு நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், கூட்டத்தைக் கலையாமல் உட்கார வைத்தவர் அவர்தான். காவலரையும் குறை சொல்ல மாட்டேன். “மைக் இல்லாம முடிச்சுக்குங்க” என்று கண்ணியமாகவே சொன்னார்.

மைக் இல்லாமல் அந்த அம்மையார் பாடத் தொடங்கியபோதுதான் ஐந்து கட்டை எதற்காக ஏற்பட்டது என்பது எனக்கு விளங்கியது. ஆலோலம் பாடிப் பறவை ஓட்டும் அந்தக் குரல் மேடையைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, தெருக்கோடியில் கடலை வண்டிக்காரர் நின்ற இடம் வரை சென்றதை, அவர் அடுப்பைத் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்ததிலிருந்து அறிந்தேன். அடுத்தது என் பாட்டு. கீழ் ஸ்தாயியில் தொடங்கினேன். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கே கேட்கவில்லை என்று பிறகு சொன்னாள். பின்னாலிருந்து “சத்தம், சத்தம்” என்று குரல்கள் எழுந்தன. மேலே ஏற முயன்றேன். குரல் கீறிக்கொண்டு உடைந்தது. சிறுவர்கள் சிரித்தார்கள்.

சேலத்துக்காரர்களுக்குக் குகைப் பகுதி வண்டி வேடிக்கை தெரிந்திருக்கும். தெய்வ வேடமிட்டு அலங்கார வண்டியில் நிற்பவர் வாய் திறக்க வேண்டியதில்லை, அசையாமல் நின்றால் போதும். அந்த நிமிடத்தில் எனக்கு அப்படியொரு வண்டி கிடைத்தால் போதும் என்றிருந்தது.

அப்போது அந்த அம்மையார் செய்ததைத்தான் சொல்ல வந்தேன். வள்ளியின் கொஞ்சலைச் சற்றும் விடாமல், “வேடருக்கு மான் விரட்டித் தொண்டை கட்டிவிட்டது போலும். நீர் வாயை அசையும், உம் பாட்டையும் நானே பாடுகிறேன்” என்று சபைக்குக் கேட்கும்படி சொன்னார். பிறகு என் பாட்டு முழுவதையும், வேடனைப் போல் வில்லை ஊன்றி நிற்கும் பாவனையோடு அவரே பாடி, அதற்குரிய விடையையும் வள்ளியாகத் தாமே பாடினார். சபை சிரித்தது, ஆனால் இந்த முறை சிரிப்பு என்மேல் விழவில்லை. விருத்தனாக, அதாவது கிழவனாக, வந்து தேனும் தினைமாவும் கேட்கும் இடத்தில் பாட்டை வசனமாக்கிவிட்டோம். யானை ஒரே ஓட்டமாக ஓடிவிட்டுப் போனது. ஒரு மணிக்குள் திருமணம் முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதலாமா கூடாதா என்று தயங்கினேன். நாடகம் பாதியில் சுருங்கிவிட்டது என்று காரணம் சொல்லி அவருக்குப் பேசிய தொகையில் ஆயிரம் ரூபாயைக் கமிட்டியார் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் தெருக்காரர் எவரேனும் இதைப் படித்துவிட்டு, வீட்டு விஷயத்தை வெளியில் எழுதுகிறானே என்று சொல்லக்கூடும். கணக்கு நோட்டைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பொன்னாடைகளுக்கு எவ்வளவு ஆயிற்று என்பதும் அதே பக்கத்தில்தான் எழுதியிருந்தது. அன்று நான் வாய் திறக்கவில்லை. பாட்டில் போன குரல் அங்கேயும் வரவில்லை. மறுநாள் என் கையிலிருந்து அந்த ஆயிரத்தை அனுப்பினேன். இதை எழுதுவது என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்வதற்கு என்று எவரேனும் சொன்னால், இருக்கலாம்.

நாடகம் முடிந்த இரவு இரண்டு மணிக்கு அந்த அம்மையாரை என் வண்டியில் புதிய பேருந்து நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். முகத்தில் காதோரம் மட்டும் சிவப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது. தேநீர் குடித்துக்கொண்டே, அந்த வளைவு வரியை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். யாரும் சொல்லித் தரவில்லை என்றேன். “அப்ப நோட்டைத் தூக்கிப் போட்டுருங்க. அடுத்த தடவை மூணு கட்டைக்கு ஏறி வாங்க தம்பி, நான் அஞ்சுக்கு இறங்குறேன், மிச்சத்தைப் பெட்டிக்காரர் பாத்துக்கிருவாரு” என்று சொல்லிவிட்டு மதுரைப் பேருந்தில் ஏறினார்.

உங்களுக்குப் பண்டிகை வரை எத்தனை மாதம் இருக்கிறது என்று எழுதவில்லை. மூன்று மாதம் இருந்தால், இன்றே ஒரு ஆர்மோனியக்காரரிடம் போய் மேல் ஷட்ஜம் சிரமமின்றி எந்தக் கட்டை வரை நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அரைக் கட்டை ஏற்றிப் பழகுங்கள், ஒரேயடியாக இரண்டு கட்டை ஏற்றிக் குரலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வள்ளியாக வருகிறவரின் தொலைபேசி எண்ணை வாங்கி முன்கூட்டியே பேசிவிடுங்கள். மைக்கை அணைத்துவிட்டு ஒருநாளாவது திறந்தவெளியில் ஒத்திகை பாருங்கள். எனக்கு இப்போது மூன்று கட்டையில் மேல் ஷட்ஜம் நிற்கிறது, விடியற்காலையில் மட்டும்.